பஞ்சுமிட்டாய்க்குப் பாக்டீரியா சாயம்: சில கட்டுரைகளைப் படித்தபின்

2024 சித்திரைத் திருவிழாவில் எங்கள் ஊர் தேரடியில் பஞ்சுமிட்டாய் வெள்ளையாக விற்றது. சின்ன வயதிலிருந்து நான் பார்த்த பஞ்சுமிட்டாய் எல்லாம் ரோஸ்தான். திருக்கழுக்குன்றத்தில் திருவிழாக் கூட்டத்துக்கு மேலே, கழியில் கட்டித் தொங்கும் அந்த ரோஸ் பைகள்தான் முதலில் கண்ணில் படும். அந்த வருஷமும் தூரத்திலிருந்து ரோஸாகத்தான் தெரிந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் பை மட்டும் ரோஸ் பிளாஸ்டிக், உள்ளே இருந்தது வெள்ளைப் பஞ்சு. விற்பவர் பள்ளிக்கூட நாளிலிருந்து எனக்குத் தெரிந்த அண்ணன். "பஞ்சுக்குத்தான தம்பி தடை, பைக்கு இல்லையே" என்றார்.

அந்தப் பிப்ரவரியில்தான் தடை வந்திருந்தது. முதலில் புதுச்சேரி, பிறகு பிப்ரவரி 17 அன்று தமிழ்நாடு. கிண்டியில் உள்ள அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் சோதித்த மாதிரிகளில் ரோடமின்-பி இருந்தது. அது துணிக்கும் காகிதத்துக்கும் போடுகிற சாயம். உணவில் சேர்க்க எந்த அளவிலும் அனுமதி கிடையாது. (புற்றுநோய் வந்தே தீரும் என்கிற மாதிரிதான் அப்போது பேச்சு. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மூன்றாம் பிரிவில் வைத்திருக்கிறது, அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குமா என்று சொல்லப் போதிய சான்று இல்லாதவற்றின் வரிசையில். அதற்காகத் துணிச்சாயத்தைப் பிள்ளை வாயில் போடலாம் என்றில்லை. தடை சரி, பயமுறுத்தல் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.)

அண்ணன் வேறு ஒன்று கேட்டார். "நீ கிருமி பத்தித்தான படிச்ச? பாக்டீரியாவுல இருந்தே கலர் எடுக்கறாங்களாம், இயற்கைங்கறதால உடம்ப ஒண்ணும் பண்ணாதாம்னு போன்ல வந்துச்சு. எங்க கிடைக்கும், என்ன விலைன்னு கேட்டுச் சொல்றியா?"

சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் சொல்லவில்லை. எனக்கு அதில் ஒரு குற்ற உணர்ச்சி இருக்கிறது, ஏனென்றால் அந்த போன் செய்தியில் வந்த வாக்கியத்தை நானே ஒரு காலத்தில் எழுதியிருக்கிறேன். முதுகலை நுண்ணுயிரியல் புராஜெக்டில் மண்ணிலிருந்து ஒரு சிவப்புப் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தேன். கடைசிப் பக்கத்தின் கடைசி வரி: 'இந்நிறமி உணவுத் துறையில் செயற்கை நிறமிகளுக்குப் பாதுகாப்பான, மலிவான மாற்றாக அமையும்.' யாரும் கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

கடந்த சில மாதங்களாக இந்தத் தலைப்பில் கைக்குக் கிடைத்த ஆய்வுக் கட்டுரைகள், மறுஆய்வுக் கட்டுரைகள் எல்லாவற்றையும் அண்ணனுடைய கேள்வியை வைத்துக்கொண்டு படித்தேன். படித்ததில் தோன்றியவை இவை.

முதலில் அந்த வழக்கமான தொடக்கம். செயற்கைச் சாயங்கள் நச்சு, ஒவ்வாமை, புற்றுநோய். எனவே உலகம் இயற்கைக்குத் திரும்புகிறது. நுண்ணுயிர் இயற்கை. எனவே நுண்ணுயிர் நிறமி பாதுகாப்பானது. இந்த நான்கு வாக்கியங்களும் சின்னச் சின்ன மாற்றத்தோடு கட்டுரைக்குக் கட்டுரை வருகின்றன. நான்காவது, மூன்றாவதிலிருந்து எப்படி வந்தது என்று யாரும் சொல்வதில்லை.

எங்கள் ஊரிலிருந்து கல்பாக்கம் பக்கம் போனால் சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர் கோட்டையின் செங்கல் சுவர் இன்னும் நிற்கிறது. துணி ஏற்றிப்போக வந்தவர்கள் அவர்கள். சோழமண்டலக் கரைத் துணியின் சிவப்பு, கடலோர மணலில் தானே வளரும் சாயவேர் என்ற சின்னச் செடியின் வேரிலிருந்து வந்தது. அந்த வேருக்குள் இருக்கும் முக்கியமான பொருள் அலிசரின். 1868-இல் ஜெர்மனியில் இரண்டு வேதியியலாளர்கள் அதே அலிசரினை நிலக்கரித் தாரில் கிடைக்கும் பொருளிலிருந்து செய்து காட்டினார்கள். தாவரத்தில் கிடைக்கும் ஒரு சாயம் ஆய்வுக்கூடத்தில் உருவானது அதுதான் முதல் தடவை. வேரில் இருந்ததும் குடுவையில் வந்ததும் ஒரே மூலக்கூறு. உடம்புக்கு ஒரு மூலக்கூறு எந்த ஊரிலிருந்து வந்தது என்று தெரியாது. கூட ஒட்டிக்கொண்டு வந்த அழுக்கு வேறுபடலாம், அது வேறு கேள்வி. அந்த வேறு கேள்விதான் உண்மையில் முக்கியமான கேள்வி, அதைத்தான் இந்தக் கட்டுரைகள் கேட்பதில்லை.

சீனத்தில் மொனாஸ்கஸ் என்ற பூஞ்சையை வேகவைத்த அரிசியில் வளர்த்து அரிசியையே சிவப்பாக்கும் பழக்கம் பல நூற்றாண்டுகளாக உண்டு. நுண்ணுயிர் நிறமிக் கட்டுரை எதுவும் இந்த உதாரணம் இல்லாமல் எழுதப்படுவதில்லை. பாரம்பரியம், இயற்கை, உண்டு பழகியது, எல்லாம் பொருந்துகிறது. ஆனால் அதே பூஞ்சையின் சில வகைகள் சிட்ரினின் என்ற பொருளையும் சேர்த்தே உண்டாக்குகின்றன. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் நச்சு. 1995-இல்தான் இது உறுதியானது. அதுவரை அதற்கு வேறு பெயர் வைத்து, கிருமியைக் கொல்லும் நல்ல பொருள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஜப்பானில் மொனாஸ்கஸ் நிறமிக்கு அனுமதி உண்டு, ஐரோப்பாவில் உணவு நிறமியாக இல்லை. சிட்ரினின் உண்டாக்காத வகையைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு ஈட்டையும் சோதித்து விற்றால் பயன்படுத்தலாம் என்பது நியாயமான நிலைப்பாடு. 'இயற்கை என்பதால் பாதுகாப்பு' என்பது அந்த நிலைப்பாடு இல்லை.

இனி என்னுடைய சிவப்புப் பாக்டீரியா. பெயர் செராஷியா மார்செசென்ஸ். 1819-இல் இத்தாலியில் ஒரு கிராமத்தில் சோளக்களி ரத்தச் சிவப்பாக மாறி ஊரே மிரண்டபோது, பிசியோ என்ற மருந்தாளர் காரணம் ஓர் உயிரிதான் என்று கண்டு வைத்த பெயர். உங்கள் குளியலறையில் தண்ணீர் தேங்கும் மூலையில் ரோஸ் நிறத்தில் வழவழவென்று ஒன்று படியுமே, பல நேரம் அது இவர்தான். அது உண்டாக்கும் சிவப்பு நிறமிக்குப் பெயர் புரோடிஜியோசின்.

அதை வளர்த்த முதல் வாரம் எனக்கு அழுகை வராத குறை. தட்டில் எல்லாக் கூட்டமும் வெள்ளை. மண்ணிலிருந்து எடுத்தபோது சிவப்பாக இருந்தது எங்கே போனது? கல்லூரி இன்குபேட்டர் 37 டிகிரியில் இருந்தது. இந்தப் பாக்டீரியா 28, 30 டிகிரியில்தான் நன்றாக நிறம் காட்டும், 37-இல் வளரும் ஆனால் வெளுத்துவிடும். ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, ஜன்னலோர மேசையில் வைத்தபிறகு சிவந்தது. மார்கழி மாதம் என்பதால் பிழைத்தேன்.

அப்போது எனக்கு வேதமாக இருந்தது 2004-இல் வந்த ஒரு கட்டுரை. அண்ணா பல்கலைக்கழகத்தின் உயிரித் தொழில்நுட்ப மையத்தில் செய்த வேலை. வழக்கமான ஊடகத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 0.52 மில்லிகிராம் புரோடிஜியோசின் தந்த செராஷியா, எள்ளுத் தூளில் 16.68, வேர்க்கடலைத் தூளில் 38.75 மில்லிகிராம் தந்தது. எந்த ஊடகம், எந்த வெப்பநிலை, எவ்வளவு என்று நேராகக் கேட்டு நேராகப் பதில் சொன்ன கட்டுரை. இன்றும் எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு. குறை அந்தக் கட்டுரையில் இல்லை. 'மலிவான உணவு நிறமி' என்ற என் வாக்கியத்துக்குக் கீழே அதை மேற்கோளாகக் கொண்டுபோய் வைத்த என்னிடம்தான் குறை. கடலையை மனிதன் சாப்பிடலாம். கடலையில் வளர்ந்த செராஷியாவின் சாற்றைச் சாப்பிடலாமா? மருத்துவமனைகளில் நோயாளிகளுக்குத் தொற்று உண்டாக்கும் பாக்டீரியா அது. சான் பிரான்சிஸ்கோவில் 1950-இல் அமெரிக்க ராணுவம் தீங்கில்லாத கிருமி என்று நினைத்து, காற்றில் எப்படிப் பரவுகிறது என்று பார்க்க நகரத்தின் மேல் தெளித்ததும் இதைத்தான். தீங்கில்லை என்ற அந்த நினைப்பு பிறகு மாறிவிட்டது.

சரி, கிருமியைக் கொன்றுவிட்டு நிறமியை மட்டும் சுத்தமாக எடுத்தால்? அங்கேதான் எனக்கு மிகவும் உறுத்திய விஷயம் வருகிறது. புரோடிஜியோசின் கட்டுரைகளில் ஒரு பொதுவான அமைப்பு உண்டு. நிறமியைப் பிரிப்பார்கள், 535 நானோமீட்டரில் உச்சம் காட்டுவார்கள். பிறகு பாக்டீரியாக்களைக் கொல்கிறது என்று ஒரு படம், புற்றுநோய்ச் செல்களைக் கொல்கிறது என்று ஒரு வரைபடம். அதற்குப் பிறகு முடிவுரையில், மருந்தாகவும் உணவு நிறமியாகவும் பயன்படும்.

கொஞ்சம் நின்று யோசியுங்கள். செல்லைக் கொல்கிற ஒரு பொருள். எந்தச் செல்லைக் கொல்லும், எதை விட்டுவிடும் என்பதுதான் கேள்வியே. நோயெதிர்ப்புச் செல்களையும் அது அடக்கும் என்று தனியாக ஓர் ஆய்வு வரிசையே இருக்கிறது. மருந்து என்றால் ஒரு மருத்துவர் அளவு சொல்லி, தேவைப்படுபவருக்கு மட்டும் கொடுப்பார். உணவு நிறம் என்றால் மூன்று வயதுப் பிள்ளை அளவே இல்லாமல் தின்னும். ஒரே பொருளுக்கு இந்த இரண்டு தகுதியும் ஒரே மூச்சில் எப்படிப் பொருந்தும்? ரோடமின்-பி பற்றி 'செல்களைக் கொல்கிறது' என்று ஒரு கட்டுரை வந்தால் அதைத் தடைக்கு ஆதாரம் என்கிறோம். புரோடிஜியோசின் பற்றி அதே வாக்கியம் வந்தால் மட்டும் அது கூடுதல் நன்மை ஆகிவிடுகிறது. என் புராஜெக்டிலும் ஐந்து கிருமிகளுக்கு எதிராகச் செயல்படுகிறது என்று பெருமையாகப் போட்டிருந்தேன். "ஆன்ட்டி மைக்ரோபியல் இல்லாம பேப்பர் போகாதுப்பா" என்று சொல்லித்தந்திருந்தார்கள்.

இன்னொன்று, புரோடிஜியோசின் தண்ணீரில் கரையாது. அமிலம் சேர்த்த மெத்தனாலில்தான் நான் எடுத்தேன். அமிலத்தில் சிவப்பு, காரத்தில் மஞ்சள். வெயிலில் வைத்தால் வெளுக்கும். சாப்பிடும் பொருளில் மெத்தனால் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

வெப்பத்துக்கு வருகிறேன். பஞ்சுமிட்டாய் இயந்திரத்தின் நடுவில் சுற்றும் அந்தக் கிண்ணத்தில் சர்க்கரை உருக வேண்டும். 180 டிகிரிக்குப் பக்கத்தில் உருகும் பொருள் அது. நிறமி அங்கே சில நொடிகள்தான் இருக்கிறது என்பது உண்மை, அந்தச் சில நொடிகள் போதுமா என்பதுதான் தெரிய வேண்டும். நான் படித்தவற்றில் வெப்பச் சோதனை பெரும்பாலும் 40, 60, 80 டிகிரியோடு நின்றுவிடுகிறது. ஸ்பைருலினாவின் நீல நிறமியான ஃபைகோசயனின் ஒரு புரதம். 60 டிகிரிக்கு மேல் நிறம் மங்கத் தொடங்கும். சர்க்கரை அடர்த்தியாக இருந்தால் கொஞ்சம் கூடத் தாங்கும். பஞ்சுமிட்டாய்க் கிண்ணத்தில் தாங்குமா என்று பார்க்க ஒரு வாடகை இயந்திரமும் ஒரு பிற்பகலும் போதும். யாராவது செய்திருக்கலாம், என் கண்ணில் படவில்லை.

விலையைப் பற்றி நானே தவறாக நினைத்திருந்தேன். இயற்கை நிறமி விலை அதிகம், அதனால்தான் வரவில்லை என்பது பொது நம்பிக்கை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் விதிகளில் செயற்கை நிறத்துக்கான பொதுவான உச்சவரம்பு கிலோவுக்கு 100 மில்லிகிராம். ஒரு கிலோ சர்க்கரைக்கு 0.1 கிராம். நுண்ணுயிர் நிறமிக்கு அடர்த்தி குறைவு என்று இருபது மடங்கு, அதாவது 2 கிராம் போடுவதாக வைத்துக்கொள்வோம். விலை கிலோ பத்தாயிரம் ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ சர்க்கரைக்கு 20 ரூபாய். ஒரு கிலோவில் நாற்பது பஞ்சுமிட்டாய் வந்தால், ஒன்றுக்கு 50 காசு. இது தடை இல்லை. அண்ணனிடம் கேட்டபோது அவர் சொன்ன தடை வேறு. "நான் வாங்கறது பத்து ரூபா பொட்டலம் தம்பி. கோலப்பொடி விக்கிற எடத்துலயே இருக்கும். அனுமதி கலரும் போட்டுப் பாத்தேன், அது பளிச்னு வராது. அவன் ரோஸ் வச்சிருந்து நான் மங்கலா வச்சிருந்தா எவன் வாங்குவான்?"

ரோடமின்-பி ஒளிரும் சாயம். அந்தப் பளிச்சை அனுமதி பெற்ற எந்த நிறமும் தராது. அதாவது 2024-க்கு முன்பும் சட்டப்படியான மாற்று இருந்தது: போன்சோ 4ஆர், கார்மோய்சின், எரித்ரோசின் என்று மூன்று சிவப்புகள். அவர் தொட்டதெல்லாம் சிறு பொட்டலம், பக்கத்துக் கடை, பக்கத்து வண்டியோடு போட்டி இவற்றால். பாக்டீரியாவிலிருந்து நான்காவது சிவப்பு வந்தாலும் அதுவும் இந்த மூன்றோடு பெரிய கம்பெனியின் தொழிற்சாலைக்குத்தான் போகும். அண்ணனுடைய வண்டிக்கு வராது. இதை நான் படித்த எந்தக் கட்டுரையும் தன் பிரச்சினையாக நினைக்கவில்லை. நினைக்க வேண்டாம், அது அவர்கள் வேலை இல்லை என்று சொல்லலாம். அப்படியானால் முதல் பத்தியில் தெருவோரத் தின்பண்டத்தின் பெயரைச் சொல்லித் தொடங்கக் கூடாது.

இவ்வளவு குறை சொன்னதால் நுண்ணுயிர் நிறமியே பொய் என்று நினைத்துவிடாதீர்கள். வென்றவை இருக்கின்றன, அவை சத்தமில்லாமல் வென்றிருக்கின்றன. பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டால் சிறுநீர் பளீரென்று மஞ்சளாகுமே, அது ரைபோஃப்ளேவின். நம் 2011 விதிகளின் இயற்கை நிறப் பட்டியலில் குர்குமின், குங்குமப்பூ, அனாட்டோ, கேரமல் இவற்றோடு அதுவும் இருக்கிறது. இன்று உலகச் சந்தையில் கிடைப்பது பெரும்பாலும் நுண்ணுயிரை வளர்த்து எடுத்ததுதான். அதில் ஒன்று பருத்திக்காயில் நோய் உண்டாக்கும் அஷ்பியா கோசிப்பி என்ற பூஞ்சை. (பஞ்சுமிட்டாய்க்குப் பஞ்சுச் செடியின் நோயிலிருந்தே நிறம் என்று இங்கே ஒரு தலைப்பு வைக்க ஆசை. ஆனால் ரைபோஃப்ளேவின் மஞ்சள், கொஞ்சம் கசக்கும், வெளிச்சத்தில் சிதையும். அண்ணனிடம் மஞ்சள் பஞ்சுமிட்டாய் என்று சொல்லிப் பார்த்தேன். "புள்ளைங்களுக்கு ரோஸ்தான் தம்பி.") பீட்டா கரோட்டினும் அப்படித்தான். பிளேக்ஸ்லியா என்ற பூஞ்சையிலிருந்து எடுப்பதற்கு ஐரோப்பா எப்போதோ அனுமதி கொடுத்துவிட்டது. இவற்றை அங்கீகரித்தவர்கள் 'இயற்கை' என்று தலைவணங்கி அனுமதிக்கவில்லை. என்ன மூலக்கூறு, என்ன தூய்மை, என்ன மிச்சம், எலிக்கு எவ்வளவு கொடுத்துப் பார்த்தார்கள் என்று கேட்டு அனுமதித்தார்கள்.

தமிழ்நாட்டிலேயே ஒரு நல்ல கதை இருக்கிறது, கட்டுரைகள் அதைச் சொல்வதில்லை. தரமணியில் முருகப்ப செட்டியார் ஆய்வு மையத்தில் சி. வி. சேஷாத்ரி ஸ்பைருலினாவைக் கிராமத்துத் தொட்டிகளில் வளர்க்கும் முறைகளைப் பல வருஷம் செய்து பார்த்தார். வைட்டமின் ஏ குறைபாட்டுக்காகச் சிறு குழந்தைகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனை புதுக்கோட்டைப் பக்கம் நடந்தது. அதே மாவட்டத்தில் ஊனையூரில் இன்று பாரி நிறுவனத்தின் பெரிய ஸ்பைருலினாப் பண்ணை இருக்கிறது. சேஷாத்ரி காலத்தில் நிறம் யாருக்கும் பொருட்டில்லை, சத்துதான். அதே பாசியின் நீலத்தை மிட்டாய்க்கும் சூயிங்கத்துக்கும் போடலாம் என்று 2013-இல் அமெரிக்கா அனுமதித்தது. அங்கே 2025 ஜனவரியில் எரித்ரோசினுக்கு உணவில் இருந்த அனுமதியை ரத்து செய்தார்கள். அதே வருஷம் மே மாதம் கால்டீரியா என்ற வேறொரு நுண்பாசியின் நீலத்துக்கு அனுமதி. அதே அறிவிப்பில் சங்குப்பூவின் நீலத்துக்கும் பயன்பாட்டை விரித்தார்கள். சங்குப்பூ எங்கள் தெரு வேலியில் சும்மா படர்ந்து கிடக்கிறது. வேலிக்கொடிக்கும் தொட்டிப் பாசிக்கும் ஒரே வரிசையில் இடம் கிடைத்த அந்த அறிவிப்பை நான் இரண்டு தடவை படித்தேன்.

அண்ணனுக்கு என்ன சொல்வது? போன வாரம் சொன்னேன். எங்கும் கிடைக்காது அண்ணே, நான் படித்த புத்தகத்தில் இருந்ததும் பாதி ஆசைதான் என்றேன். அவர் பெரிதாக ஏமாறவில்லை. வெள்ளைக்கு ஜனம் பழகிவிட்டதாம், ரோஸ் பையும் ஒத்தாசை செய்கிறதாம். கலர் செலவு மிச்சம். இருக்கட்டும், பீட்ரூட் சாறு போட்டால் வருமா என்று கேட்டார். சர்க்கரை கட்டியாகிவிடும் என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. திருப்போரூர் வழியாகப் போனால் கேளம்பாக்கம் உப்பளம் வரும். கோடையில் உப்பு உறையும் முன் பாத்தித் தண்ணீர் செம்பழுப்பாகவும் ரோஸாகவும் மாறும். டூனலியெல்லா என்ற பாசியும் உப்பை விரும்பும் சில ஆர்க்கியாவும் செய்கிற வேலை அது. நிறம் ஏறிய தண்ணீர் வெயிலை அதிகம் வாங்கிச் சீக்கிரம் வற்றுவதால் உப்புக்காரருக்கும் லாபம். ஆஸ்திரேலியாவில் அதே பாசியை வளர்த்து கரோட்டின் எடுக்கிறார்கள். நம் உப்பளத்தில் ஏன் செய்வதில்லை என்பதற்கு நிலம், மழை, குத்தகை என்று பல காரணம் காதில் விழுகிறது. ஏப்ரலில் நேரில் போய்ப் பார்த்துவிட்டு அதைத் தனியாக எழுதுகிறேன்.